கார் வாஷுக்குக் கம்ப்ரசர்: விலைகொடுத்து வாங்குவது அதன் ஓய்வு நேரத்தை

கார் வாஷ் தொடங்க நினைப்பவர் கம்ப்ரசர் கடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எத்தனை ஹெச்பி எடுக்கலாம், எந்தக் கம்பெனி நல்லது, டேங்க் எத்தனை லிட்டர். மூன்றுக்கும் கடைக்காரரிடம் பதில் தயாராக இருக்கும். பட்ஜெட்டைச் சொன்னால் அதற்குள் ஒரு மெஷினைக் காட்டிவிடுவார். ஆனால் அந்த மெஷின் இரண்டு வருடம் கழித்தும் நிற்காமல் ஓடுமா என்பதற்கு இந்த மூன்று பதில்களும் சேர்ந்தும் விடையாகாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிஸ்டன் கம்ப்ரசரின் நம்பகத்தன்மையைப் பெயர்ப்பலகையில் தேடிப் பயனில்லை. நமக்குப் பரபரப்பான நேரத்தில் தேவைப்படும் காற்றுக்கும் மெஷின் உண்மையில் தரக்கூடிய காற்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அது இருக்கிறது. இடைவெளி இருந்தால் டேங்க் நிரம்பும், மோட்டார் நிற்கும், ஹெட் ஆறும். இல்லாவிட்டால் எந்தக் கம்பெனி மெஷினும் காலை முதல் இரவு வரை ஓடியே சாகும். அதனால் தேர்வு என்பது கடையில் தொடங்கக் கூடாது. நம் ஷெட்டில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு போடும் காற்றுக் கணக்கில் தொடங்க வேண்டும்.

ஓய்வு ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதுதான் காரணம். 35 டிகிரி வெயிலில் உள்ளே இழுத்த காற்றை ஒரே மூச்சில் 8 கிலோ அழுத்தத்துக்கு ஏற்றினால், வெப்பம் எதுவும் வெளியேறாது என்று வைத்துக்கொண்ட ஏட்டுக் கணக்கில் அது 300 டிகிரி செல்சியஸை எட்டும். ஹெட்டில் இருக்கும் துடுப்புகளும் ஃபிளைவீல் வீசும் காற்றும் அந்தச் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். ஆனாலும் டெலிவரி வால்வைச் சுற்றி இருக்கும் எண்ணெய்ப் படலம் கருகிக் கார்பனாகப் படியும் அளவுக்குச் சூடு மிஞ்சியே இருக்கும். கார்பன் படிந்தால் வால்வு பிளேட் சரியாக உட்காராது. உட்காராத வால்வு வழியே அழுத்திய காற்று திரும்ப உள்ளே வரும், அதையே மறுபடி அழுத்த வேண்டிவரும், சூடு இன்னும் ஏறும். ரிங் தேய்வது, எண்ணெய் காற்றோடு கலந்து வெளியே போவது, மோட்டார் ட்ரிப் ஆவது எல்லாம் இந்தச் சுழற்சியின் அடுத்தடுத்த படிகள். இடையிடையே மெஷின் நின்று ஆறினால் சுழற்சி தொடங்கவே தாமதமாகும். காற்றால் குளிரும் பிஸ்டன் கம்ப்ரசரை ஒரு மணி நேரத்தில் 60 முதல் 70 சதவீதம் வரை ஓடவிட்டு மீதி நேரம் நிறுத்துவதே பாதுகாப்பு என்பது இந்தத் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நான் 60-ஐத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நம் ஊர்க் கோடையில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் மெஷினுக்கு மற்ற 10 சதவீதத்தைச் சூடே எடுத்துக்கொண்டுவிடும்.

கணக்குப் போடுவதற்கு முன் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். காரின் மேல் பீய்ச்சும் தண்ணீரின் வேகத்துக்கும் கம்ப்ரசருக்கும் சம்பந்தம் இல்லை. அது பிரஷர் வாஷர் பம்பின் வேலை. பம்ப் தண்ணீரை 100 கிலோவுக்கு மேலும் அழுத்தும். கம்ப்ரசர் காற்றை 7, 8 கிலோவுக்குத்தான் அழுத்தும். தண்ணீர் வேகம் போதவில்லை என்று கம்ப்ரசரை மாற்றுவது வீண் செலவு. கார் வாஷில் கம்ப்ரசர் செய்வது வேறு வேலைகள். ஃபோம் டேங்கைத் தள்ளுவது, கழுவிய பின் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு இடுக்குகளில் இருக்கும் தண்ணீரை ஊதி எடுப்பது, உள்ளே சீட்டிலும் ஏசி வென்ட்டிலும் இருக்கும் தூசியை டொர்னடோ கன் வைத்து எடுப்பது, டயருக்குக் காற்றடிப்பது, சில இடங்களில் கிரீஸ் கன் அல்லது வாஷிங் லிஃப்ட். இவற்றில் ஃபோமும் டயரும் காற்றைக் குறைவாகவே குடிக்கும். ஊதுவதும் டொர்னடோவும்தான் பெரிய செலவாளிகள். 2 மில்லிமீட்டர் துளை உள்ள ஏர் கன்னை 6, 7 கிலோ அழுத்தத்தில் முழுதாக அழுத்தினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 முதல் 10 கன அடி, அதாவது 9 முதல் 10 சிஎஃப்எம் காற்று போகும். துளை 3 மில்லிமீட்டர் ஆனால் அது இரு மடங்கைத் தாண்டும். ஒரு சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28 லிட்டர் சொச்சம். டொர்னடோ கன்களும் 6 முதல் 8 சிஎஃப்எம் வரை கேட்கும்.

இப்போது இரண்டு பே உள்ள ஒரு வாஷை எடுத்துக்கொள்வோம். எந்த நாளை வைத்துக் கணக்குப் போடுவது என்பதே முதல் முடிவு. செவ்வாய்க்கிழமை மதியத்தை வைத்துப் போட்டால் சின்ன மெஷினே போதும் என்று தோன்றும். ஞாயிறு காலையையும், அதைவிட ஆயுத பூஜைக்கு முந்தின நாளையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஊரில் உள்ள வண்டியெல்லாம் பொட்டு வைத்துக்கொள்ள வரிசையில் நிற்கும் அன்றுதான் கம்ப்ரசர் நிற்கக் கூடாது. ஓய்வு கிடைக்காத மெஷின் நிற்பதும் அன்றுதான். அந்த நேரத்தில் ஒரு பேயில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள், அது 10 சிஎஃப்எம். இன்னொரு பேயில் டொர்னடோ ஓடுகிறது, அது 8. இரண்டும் சேர்ந்து 18. ஆனால் கன்னின் விசையை யாரும் நிமிடம் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பதில்லை. பாதி நேரம் என்று வைத்தால் சராசரி 9. ஃபோமுக்கும் டயருக்கும் ஒன்று சேர்த்தால் 10 சிஎஃப்எம். இதை 60 சதவீத ஓட்டத்தில் தர வேண்டும் என்றால் 10-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 17 சிஎஃப்எம் வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் பிஸ்டன் கம்ப்ரசர் ஒரு ஹெச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் வரை உண்மையான காற்றைத் தரும். நடுவில் மூன்றரை என்று வைத்தால் 5 ஹெச்பி மெஷின் இந்த வாஷுக்குச் சரி. 3 ஹெச்பி மெஷின் பத்தரைதான் தரும். அதுவும் வேலையைச் செய்யும், ஆனால் நிற்காமல் செய்யும். முதல் சில மாதங்களுக்கு இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது என்பதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

வாஷிங் லிஃப்ட் வைப்பவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிட முடியாது. எண்ணெயைக் காற்றால் தள்ளி வண்டியைத் தூக்கும் ஒற்றைத் தூண் லிஃப்ட்டில் ராமின் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர், ஒன்றரை மீட்டர் உயர்த்துகிறோம் என்று வைத்தால், ஒரு முறை தூக்க 75 லிட்டர் இடத்தை அழுத்திய காற்று நிரப்ப வேண்டும். வண்டியும் மேடையும் சேர்ந்து 2,200 கிலோ என்றால் 4.4 கிலோ அழுத்தம் தேவை. சாதாரணக் காற்றாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு தூக்கலுக்கும் 400 லிட்டருக்குக் குறையாது. இறக்கும்போது அந்தக் காற்று முழுதும் வெளியே போய்விடும். ஒரு மணி நேரத்தில் எட்டு வண்டி ஏறினால் சராசரியில் 2 சிஎஃப்எம் கூடுகிறது. 10 என்பது 12 ஆகி, தேவை 20 சிஎஃப்எம் ஆகும்போது 7.5 ஹெச்பியைப் பற்றி யோசிக்க வேண்டியதாகிறது. இன்னொன்றும் உண்டு. கனமான வண்டி மேலே ஏற, டேங்கில் அழுத்தம் தாழாமல் இருக்க வேண்டும். கீழே ஒருவர் ஊதிக்கொண்டே இருந்தால் லிஃப்ட் பாதியில் தயங்கும். லிஃப்ட் இருக்கும் இடத்தில் இரண்டு ஸ்டேஜ் கம்ப்ரசரைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு ஸ்டேஜில் காற்றை முதலில் ஒரு சிலிண்டரில் பாதி வழி அழுத்தி, இன்டர்கூலர் குழாயில் ஆறவிட்டு, பிறகு சின்ன சிலிண்டரில் மீதியை அழுத்துகிறார்கள். முன்பு சொன்ன அதே ஏட்டுக் கணக்கில் 300 டிகிரி என்பது இங்கே 150-க்கு அருகில் நின்றுவிடும். எண்ணெய் கருகாமல் இருக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால், பெயர்ப்பலகையில் இருக்கும் சிஎஃப்எம் எண் நம்மை ஏமாற்றக் காத்திருக்கும். பொய் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை, வேறொன்றை எழுதியிருக்கிறார்கள். பல மெஷின்களில் இருப்பது பிஸ்டன் நகரும் கொள்ளளவு. சிலிண்டரின் பருமனைச் சுற்று வேகத்தால் பெருக்கிக் கிடைக்கும் எண் அது. வால்விலும் ரிங்கிலும் சூட்டிலும் போவது போக வெளியே வரும் காற்று அதில் 65 முதல் 80 சதவீதம் வரைதான் இருக்கும். கேட்க வேண்டியது “ஃப்ரீ ஏர் டெலிவரி எவ்வளவு, எத்தனை கிலோவில்?” என்ற கேள்வி. பதில் தெளிவாக வரவில்லை என்றால் கைக்கடிகாரம் போதும். டேங்கின் வெளிவழியை மூடிவிட்டு மெஷினை ஓடவிட்டு, கேஜ் 5 கிலோவிலிருந்து 8 கிலோவுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 200 லிட்டர் டேங்கில் 3 கிலோ ஏறினால் உள்ளே போனது ஏறக்குறைய 600 லிட்டர் காற்று. அதற்கு ஒன்றரை நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 400 லிட்டர், அதாவது 14 சிஎஃப்எம். டேங்குக்குள் காற்று சூடாக இருப்பதால் இந்தச் சோதனை மெஷினுக்குக் கொஞ்சம் சாதகமாகவே பேசும். அப்படியும் தேவைக்குக் குறைவாக வந்தால் அந்த மெஷின் வேண்டாம். காலி டேங்கிலிருந்து எடுக்கும் நேரத்தைக் கடைக்காரர் காட்டினால் அதை ஏற்காதீர்கள். குறைந்த அழுத்தத்தில் எந்த மெஷினும் வேகமாகத்தான் நிரப்பும். நாம் வேலை செய்யப்போவது 5-க்கும் 8-க்கும் நடுவில்.

இங்கே முதல் மறுப்பு வரும். “மோட்டார் சின்னதாக இருந்தால் என்ன, டேங்கைப் பெரிதாக எடுத்துவிட்டால் சமாளிக்கலாமே?” மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் கிணற்றில் ஊற்று பெருகிவிடாது, இதுவும் அப்படித்தான். 200 லிட்டர் டேங்க் 8 கிலோவிலிருந்து 6-க்கு இறங்கும்போது தருவது 400 லிட்டர். 10 சிஎஃப்எம் கன் ஒன்று அதை ஒன்றரை நிமிடத்துக்குள் குடித்துவிடும். டேங்கை 500 லிட்டராக்கினாலும் மூன்றரை நிமிடம். அதற்குப் பிறகு காற்று கம்ப்ரசரிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதோடு, சின்ன மெஷின் பெரிய டேங்கை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நீண்ட ஓட்டமே அதற்குச் சுமை. பெரிய டேங்குக்குப் பயன் இல்லாமல் இல்லை. மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைக் குறைக்கும், லிஃப்ட் போன்ற திடீர்த் தேவையைத் தாங்கும், காற்று ஆறித் தண்ணீர் பிரிய நேரம் தரும். போதுமான காற்று தரும் மெஷினோடு சேரும்போதுதான் இந்தப் பயன்களும் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு மின்கட்டணம். 3 ஹெச்பியே கட்டணத்தை ஏற்றுகிறது, 5 ஹெச்பி போட்டால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது போலத் தெரியும். ஆனால் மீட்டர் ஹெச்பியை எண்ணுவதில்லை. ஓடிய நேரத்தோடு சேர்த்துத்தான் எண்ணுகிறது. 3 ஹெச்பி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுவதும் 5 ஹெச்பி அதே ஒரு மணி நேரத்தில் 36 நிமிடம் ஓடுவதும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஒன்று. இரண்டும் தருவதும் ஏறத்தாழ அதே அளவு காற்று. சூடேறிய சின்ன மெஷினில் வால்வு கசியத் தொடங்கிவிட்டால் அதே காற்றுக்கு அதுவே கூடுதல் யூனிட் கேட்கும். கூடும் செலவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இணைப்புச் சுமை ஏறுவதால் நிலைக் கட்டணமும், மூன்று ஃபேஸ் இணைப்பு இல்லையென்றால் அதற்கான செலவும் வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பண்டிகை வாரத்தில் மெஷின் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பும் நட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விரும்புபவருக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 6 கிலோ போதும் என்ற இடத்தில் பிரஷர் சுவிட்சை 10-ல் வைக்காதீர்கள். ஒவ்வொரு கிலோ கூடுதலுக்கும் 6, 7 சதவீத மின்சாரம் வீணாகும். கசிவை அடையுங்கள். 7 கிலோ லைனில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இரண்டரை சிஎஃப்எம் காற்றைத் தின்னும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் லைன் திறந்திருந்தால் 6 யூனிட் வரை போகும். கணக்குக்கு வசதியாக யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால், மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் யாரும் ஊதாத காற்றுக்குக் கட்டுகிறோம். முன்பு கணக்கிட்ட தேவையில் இந்த ஓட்டை கால்பங்கு என்பதையும் கவனியுங்கள். பார்த்துப் பார்த்து வாங்கிய ஓய்வை முழுதும் விழுங்க மூன்று ஓட்டை போதும்.

மூன்றாவது மறுப்பு: “நல்ல கம்பெனி மெஷின் வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?” பெயர் பெற்ற கம்பெனிகளுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வார்ப்பு, வால்வு பிளேட்டின் எஃகு, மோட்டாரின் செப்புச் சுற்று, டேங்கின் வெல்டிங் இவற்றில் வேறுபாடு இருக்கும். ஆனால் எந்தக் கம்பெனியும் 3 ஹெச்பி மெஷினை நாள் முழுக்க ஓட்டு என்று எழுதிக் கொடுப்பதில்லை. கம்பெனியைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது உதிரிபாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதை. வால்வு செட், கேஸ்கெட், ரிங், நான்-ரிட்டர்ன் வால்வு, பிரஷர் சுவிட்ச், பெல்ட் ஆகிய ஆறும் ஒரே நாளில் கைக்கு வருமா? இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1960-ல் எல்ஜி எக்யூப்மெண்ட்ஸ் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கம்ப்ரசர் தொழிலின் முக்கிய மையங்களில் ஒன்று. கம்ப்ரசர் வேலை தெரிந்த கைகளும் உதிரிபாகமும் அங்கே கிடைக்கும். இணையத்தில் மலிவாக வரும் பெயர் தெரியாத இறக்குமதி மெஷின் ஓடும்வரை ஓடும். அதன் வால்வு பிளேட் உடைந்தால் அளவு பொருந்தும் பிளேட்டைத் தேடுவதற்குள் வாரம் ஓடிவிடும். நின்ற மெஷின் எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும் என்பதும் நம்பகத்தன்மைதான். உங்கள் ஊர் மெக்கானிக் எந்த ஹெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாரோ அதுதான் உங்களுக்கு நல்ல கம்பெனி.

பழைய மெஷின் வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பெரிய ஹெச்பியில் நல்ல பழைய மெஷின், சின்ன ஹெச்பியில் புது மெஷினைவிட மேலாக இருக்க முடியும், மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, முன்பு சொன்ன 5-லிருந்து 8 கிலோ நேரச் சோதனையை ஹெட் சூடான பிறகு செய்து பார்க்க வேண்டும். குளிர்ந்த ஹெட் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். இரண்டாவது, டிரெயின் வால்வைத் திறந்து வருவதைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் துரு கலந்த தண்ணீர் வருவது எல்லா டேங்கிலும் உண்டு; கெட்டியான பால் நிறக் குழம்பு நிறைய வந்தால் ரிங் தேய்ந்து எண்ணெய் மேலே வருகிறது என்று பொருள். மூன்றாவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டேங்கை வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் நிரப்பிச் சோதித்த சான்று வேண்டும், சேஃப்டி வால்வு சரியாகத் திறக்க வேண்டும். தண்ணீர் கீழே தேங்குவதால் டேங்க் உள்ளிருந்து அடிப்பகுதியில்தான் துருப்பிடிக்கும். மேலே எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அது தெரியாது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருந்து வரும் மெஷினில் வெளிப்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒட்டுப்போட்ட டேங்க் எந்த விலைக்கும் மலிவு இல்லை.

நல்ல மெஷினையும் மின்சாரம் கெடுக்கும் என்பதைத் தேர்வின்போதே நினைவில் வைக்க வேண்டும். மோட்டாரின் இழுவை மின்னழுத்தத்தின் இருமடிப்படி மாறும். 230 வோல்ட் வர வேண்டிய சிங்கிள் ஃபேஸ் லைனில் மாலை நேரத்தில் 180 வந்தால் இழுவை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். டேங்கில் அழுத்தம் இருக்கும்போது ஸ்டார்ட் ஆக முடியாமல் மோட்டார் முனகும், காயில் சூடாகும். இதனால்தான் 3 ஹெச்பிக்கு மேல் மூன்று ஃபேஸ் என்பதில் நான் உறுதியாக நிற்பேன். மெஷின் நின்றதும் ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் காற்றை “புஸ்” என்று வெளியே விடும் அன்லோடர் வேலை செய்கிறதா என்று கடையிலேயே கேட்டுப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் மோட்டாருக்கு அடி. மூன்று ஃபேஸில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஈபி லைனில் வேலை நடந்து இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பிஸ்டன் கம்ப்ரசர் அப்போதும் காற்றைத் தந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஹெட்டின் மேல் வீச வேண்டிய ஃபிளைவீல் காற்று எதிர்ப்பக்கம் போகும். எல்லாம் ஓடுவது போலவே இருக்கும், ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும். பெல்ட் கார்டில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மின்தடை முடிந்து வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பாருங்கள். ஃபேஸ் போனால் துண்டிக்கும் பிரிவென்டர் இல்லாமல் ஸ்டார்ட்டர் மாட்டாதீர்கள்.

மெஷினை எங்கே வைப்போம் என்பது வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது. கழுவும் பேயின் மூலையில் வைத்தால் ஷாம்பு கலந்த ஈரத்தை அது நாள் முழுக்க உள்ளே இழுக்கும். காகித ஃபில்டர் ஊறி அடைத்துக்கொள்ளும். தகரத்துக்குக் கீழே அடைத்து வைத்தால், உள்ளே போகும் காற்று 4 டிகிரி சூடேறும் ஒவ்வொரு முறையும் மின்செலவு 1 சதவீதம் ஏறும், ஹெட்டின் ஓய்வும் வீணாகும். காய்ந்த, நிழலான, நாலாபக்கமும் காற்றோட்டம் உள்ள தனி இடம் வேண்டும். தண்ணீர் விஷயத்தில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் 10 சிஎஃப்எம் வீதம் ஒரு மணி நேரம் அழுத்தினால், ஆறிய பிறகு 300 முதல் 400 மில்லி தண்ணீர் பிரியும். ஒரு நாள் முழுக்க ஓடினால் லிட்டர் கணக்கு. தினமும் டிரெயின் திறக்காவிட்டால் அது டேங்கின் இடத்தை அடைத்து, அடியை அரித்து, கடைசியில் கன் வழியாகத் துடைத்த காரின் மேலேயே தெறிக்கும். எண்ணெயும் கலந்து வந்தால் செராமிக் கோட்டிங் போடும் இடத்தில் அது பெரிய தலைவலி. அங்கே நல்ல ஃபில்டரும் தண்ணீர் பிரிப்பானும் கட்டாயம். ஏர் லைனுக்கு வீட்டுக்குப் போடும் பிவிசி பைப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. வெயிலில் மொறுமொறுப்பாகி, காற்றழுத்தத்தில் சில்லுகளாகச் சிதறக்கூடியது அது. ஜிஐ பைப் போட்டு, கம்ப்ரசர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சரிவாக இழுத்து, கடைசியில் தண்ணீர் வடிய ஒரு வால்வு வையுங்கள். மெஷினுக்குக் கம்ப்ரசர் எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். பைக்குக்கு வாங்கிய மல்டிகிரேடு எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றினால், அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள் வால்வில் போய்க் கரியாக உட்காரும்.

ஓய்வே முக்கியம் என்றால், ஓய்வே தேவைப்படாத ஸ்க்ரூ கம்ப்ரசரை வாங்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஸ்க்ரூ மெஷின் நாள் முழுக்க ஓடவே வடிவமைக்கப்பட்டது, சத்தமும் குறைவு, ஒரு ஹெச்பிக்குத் தரும் காற்றும் கூடுதல். நாலைந்து பே உள்ள, காலை முதல் இரவு வரை வண்டி குறையாத இடத்துக்கு அது சரியான தேர்வு. ஆனால் விட்டு விட்டு ஓடும் சின்ன வாஷுக்கு அது பொருந்தாது. சிறிது நேரம் ஓடி நின்றுகொண்டே இருந்தால் ஸ்க்ரூவின் எண்ணெய் போதுமான சூட்டை எட்டாது. உள்ளே பிரிந்த தண்ணீர் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து பேரிங்கைக் கெடுக்கும். விலையும் சர்வீஸ் செலவும் அதன்பிறகு வரும் பேச்சு. இரண்டு பே உள்ளவருக்கு நான் சொல்லும் மாற்று வேறு. ஒரே 5 ஹெச்பிக்குப் பதில் இரண்டு 3 ஹெச்பியை ஒரே லைனில் இணைத்து, இரண்டின் பிரஷர் சுவிட்சையும் சற்று வேறு வேறு அழுத்தத்தில் வைப்பது. சாதாரண நாளில் ஒன்று ஓடும், கூட்டம் வந்தால் இரண்டாவது தானே சேர்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை முன்பின் மாற்றிவிட்டால் தேய்மானமும் சமமாகும். ஒன்று ரிப்பேரானாலும் கடை திறந்திருக்கும். முதல் செலவு கொஞ்சம் கூடும், இடமும் கூடுதலாக வேண்டும். அந்த இரண்டும் இருப்பவர்களுக்கு இதைவிடத் துணிச்சல் தரும் ஏற்பாடு இல்லை. உதகமண்டலத்தில் கடை போடுபவர் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எந்த மெஷினும் ஏறக்குறைய கால்பங்கு குறைவாகவே தரும்.

கடைசி மறுப்புதான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. “கணக்கு 5 ஹெச்பி என்கிறது, கையில் 3 ஹெச்பிக்குத்தான் பணம் இருக்கிறது.” இடைவெளியை இரண்டு பக்கத்திலிருந்தும் உண்டாக்கலாம். தரும் காற்றைக் கூட்ட முடியாவிட்டால் கேட்கும் காற்றைக் குறைக்கலாம். கன்னுக்கு முன்னால் ஒரு ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை 3 கிலோவுக்கு இறக்குங்கள். 10 சிஎஃப்எம் தின்ற கன் 6-க்குக் கீழே வந்துவிடும். இடுக்கில் இருக்கும் தண்ணீர் அதற்கே வெளியேறும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதியும் காற்றால் சுத்தம் செய்யும் கன்னுக்கு 30 பிஎஸ்ஐ-க்கும், அதாவது இரண்டு கிலோ சொச்சத்துக்கும், கீழேயே இருக்கச் சொல்கிறது. வேலை செய்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் அதுவே நல்லது. கார் முழுவதையும் கம்ப்ரசர் காற்றால் காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பரந்த பரப்புக்கு மைக்ரோஃபைபர் துணியும் மின்சார புளோவரும் போதும். அழுத்திய காற்று இடுக்குகளுக்கு மட்டும். பாலிஷ் மெஷினைக் காற்றில் ஓடுவதாக வாங்காமல் கரண்டில் ஓடுவதாக வாங்குங்கள். காற்றில் ஓடும் ஒரு சாண்டர் மட்டுமே 10 சிஎஃப்எம்-க்கு மேல் கேட்கும். இப்படிச் செய்தால் ஊதுவது 6, டொர்னடோ 8 என 14 ஆகும். இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கும் ஒழுங்கு வந்தால் சராசரி 5, 6 சிஎஃப்எம்-க்குள் நிற்கும். அதே 3 ஹெச்பி மெஷின் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. பாதிக்குச் சற்று மேல்தான் ஓடுகிறது. அதனால் பணம் குறைவு என்பது கணக்கைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. கணக்கு மிகவும் தேவைப்படுவதே பணம் குறைவாக இருப்பவருக்குத்தான். எத்தனை கன், எத்தனை மில்லிமீட்டர் துளை, எத்தனை கிலோ, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் என்ற நாலு எண்களை எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், ஹெச்பியையும் டேங்கையும் கம்பெனியையும் பற்றிக் கடைக்காரர் சொல்வதில் எது நமக்குப் பொருந்தும் என்று நாமே தீர்ப்புச் சொல்லலாம்.